"இனி செய்ய ஒன்றுமில்லை" என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியவை

எங்க அம்மாச்சிக்கு வாய்ப் புற்றுநோய். வயது 74. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா சோதனையும் முடிந்த பிறகு, "இதுக்கு மேல பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா பார்த்துக்கங்க" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்தார்கள். நல்லா பார்த்துக்கிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த பத்து இரவுகள் அம்மாச்சி தூங்கவில்லை. பேரப்பிள்ளைகள் முழித்துவிடக் கூடாதென்று முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு முனகுவார். எங்களிடம் இருந்தது சாதாரண வலி மாத்திரையும், கை கால் அமுக்கிவிடுவதும்தான்.

பதினோராவது நாள், பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர் விஷயத்தைக் கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். "ஏன்க்கா முன்னாடியே சொல்லல? இதுக்குன்னே ஒரு நர்ஸ் இருக்காங்களே!" என்று அம்மாவைக் கேட்டார். இரண்டு நாளில் செவிலியர் வந்தார். மருத்துவர் மருந்தை மாற்றி எழுதினார். அதன் பிறகு அம்மாச்சி ஐந்து வாரம் இருந்தார். நோய் குறையவில்லை. ஆனால் அந்த ஐந்து வாரமும் தூங்கினார், பேசினார், எங்களைத் திட்டவும் செய்தார்.

அந்தப் பத்து இரவுகள் தேவையே இல்லாதவை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு இரவு கூட வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. படிக்கக் கொஞ்சம் கனமான விஷயம்தான். ஆனா, இன்றைக்குப் படித்து வைத்தால் தேவைப்படும் நாளில் கை கொடுக்கும்.

நோய் ஆதரவு சிகிச்சை என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'பாலியேட்டிவ் கேர்' என்பார்கள். நம் சுகாதாரத் துறை இதை 'வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு சிகிச்சை' என்று அழைக்கிறது. நோயைக் குணப்படுத்துவது ஒரு வேலை. நோயாளியின் துன்பத்தைக் குறைப்பது இன்னொரு வேலை. முதல் வேலை முடியாமல் போனாலும் இரண்டாவது வேலை கடைசி மூச்சு வரை பாக்கி இருக்கிறது. ஆகவே "செய்ய ஒன்றுமில்லை" என்பது மருத்துவப்படியே தவறான வாக்கியம்.

இந்தத் துறைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண்மணி. செவிலியராகத் தொடங்கி, மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, பயம், கடன் கவலை, பிள்ளைகளைப் பற்றிய ஏக்கம், "எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்று சொன்னவர் அவர். நம் பக்கத்து மாநிலமான கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வலி நிவாரண கிளினிக்காகத் தொடங்கிய முயற்சி, ஊர் மக்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து நடத்தும் பெரிய வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008-ல் இதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட முதல் இந்திய மாநிலமும் கேரளாதான்.

மக்களிடம் அதிகம் இருக்கும் மூன்று தவறான எண்ணங்களை முதலில் சரி செய்துகொள்வோம்.

• "இது புற்றுநோய்க்கு மட்டும்." இல்லை. சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம், மறதி நோய், முதுமையால் படுத்த படுக்கை என்று எல்லாருக்கும் பொருந்தும். குழந்தைகளுக்கும் உண்டு.

• "இது கடைசி வாரத்தில்தான்." இல்லை. கீமோ, டயாலிசிஸ் போன்ற சிகிச்சை நடக்கும்போதே இதையும் சேர்த்துப் பெறலாம். சீக்கிரம் தொடங்குவதுதான் நல்லது.

• "இதற்குப் போனால் கைவிட்டதாக அர்த்தம்." இல்லை. சொல்லப்போனால், வலியோடு வீட்டில் போட்டு வைப்பதுதான் கைவிடுவது.

வீட்டு வாசலுக்கு வரும் சேவை

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தரும் திட்டம் என்றுதான் நம்மில் பலருக்கு இதைத் தெரியும். ஆனால் நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கான பைகள் வழங்குதல் ஆகியவையும் இதே திட்டத்தில் அடங்கும். செவிலியர் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பெறுவது எப்படி?

1. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவர் போனால் போதும்.

2. டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, நோயாளியின் ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போனில் படம் பிடித்து ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்வது நல்லது. நடுராத்திரியில் தேட வேண்டியிருக்காது.

3. "வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், நோய் ஆதரவு சிகிச்சை செவிலியர் வந்து பார்க்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

4. உங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், கிராம சுகாதார செவிலியர் யாரிடம் சொன்னாலும் தகவல் போய்ச் சேரும்.

5. யாரைக் கேட்பது என்றே தெரியவில்லையா? 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழையுங்கள். எந்நேரமும் செயல்படும் எண் இது.

வரும் செவிலியர் என்ன செய்வார்? புண்ணுக்கு மருந்து கட்டுவார். சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய் இருந்தால் பார்ப்பார். வலி எவ்வளவு என்று கேட்டு மருத்துவருக்குச் சொல்வார். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அவர் இல்லாத நேரத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார். கூச்சப்படாமல் கேளுங்கள்.

வலி: பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை

வலி வெளியே தெரியாது. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "வலியே இல்லைன்னா 0, தாங்கவே முடியாத வலின்னா 10. இப்ப உங்களுக்கு எத்தனை?" என்று காலையும் மாலையும் கேளுங்கள். எண் சொல்ல முடியாதவர்களுக்கு "நாலணாவா, எட்டணாவா, பன்னிரண்டணாவா, முழு ரூபாயா?" என்று கேட்டாலும் சரிதான். எங்கள் அம்மாச்சிக்கு அந்தக் கணக்குதான் புரிந்தது. பதிலை ஒரு நோட்டில் குறித்து வைத்துச் செவிலியரிடம் காட்டுங்கள். பேச முடியாதவராக இருந்தால் முகச் சுளிப்பு, திருப்பிப் போடும்போது முனகல், கை இறுகுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-ல் ஒரு மூன்று படி முறையை வெளியிட்டது. முதல் படி பாராசிட்டமால் போன்ற மருந்துகள். அதில் அடங்காவிட்டால் அதைவிடச் சற்று வலுவானவை. அதிலும் அடங்காவிட்டால் மார்ஃபின்.

மார்ஃபின் என்றதும் வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அது போதை மருந்தாச்சே? அடிமையாயிட மாட்டாங்களா?" மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காக எடுத்துக்கொள்பவர்கள் அடிமையாவது அரிது. "அதைக் கொடுத்தா சீக்கிரம் உயிர் போயிடுமா?" என்றும் கேட்பார்கள். சரியான அளவில் தரப்படும் மார்ஃபின் வலியைத்தான் குறைக்கும், ஆயுளைக் குறைக்காது. இந்தப் பயத்தால் மருந்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நோயாளியைத் துடிக்கவிடும் குடும்பங்கள் உண்டு. மருந்து வந்த முதல் நாள் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

மார்ஃபின் பயன்படுத்தும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

• சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வருவதற்கு முன் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. மருத்துவர் எழுதிய நேரங்களுக்கு போனில் அலாரம் வையுங்கள்.

• மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்தே எழுதித் தருவார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

• முதல் சில நாள் குமட்டல், மயக்கம் போன்ற தூக்கம் இருக்கலாம், பிறகு குறையும். எழுப்பியும் விழிக்காத அளவு தூக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

• நீங்களாகக் கூட்டவோ, குறைக்கவோ, திடீரென்று நிறுத்தவோ கூடாது.

• பூட்டி வையுங்கள். மீதமானதை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

இந்த மருந்து தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பதில்லை. போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985-ன் கீழ் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். பல துறைகளிடம் பல உரிமம் வாங்க வேண்டிய சிக்கல் முன்பு இருந்தது. நோயாளிகளுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காக 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிமையாக்கப்பட்டது. உங்கள் பகுதியில் எங்கே கிடைக்கும் என்று செவிலியரிடம் கேளுங்கள்.

வீட்டில் தினமும் செய்ய வேண்டியவை

படுக்கைப் புண்: ஒரே பக்கம் படுத்திருந்தால் எலும்பு அழுந்தும் இடங்களில் இரத்த ஓட்டம் நின்று தோல் புண்ணாகும். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம். துணி மடிப்பு, ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் படுக்கை கிடைத்தால் நல்லது. அது இருந்தாலும் திருப்பிப் போடுவதை நிறுத்தக் கூடாது.

வாய்: பலர் மறந்துவிடும் இடம் இதுதான். வாய் காய்ந்து புண்ணானால் பேச்சும் போகும், சாப்பாடும் போகும். மென்மையான பிரஷ் அல்லது ஈரத் துணியால் ஒரு நாளைக்குப் பல முறை துடையுங்கள். உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

மூச்சுத் திணறல்: தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரும்படி வையுங்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறிக் காற்று முகத்தில் படும்படி செய்யுங்கள். சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லுங்கள். இவ்வளவு எளிய விஷயமே நிறைய ஆறுதல் தரும். அடங்கவில்லை என்றால் அதற்கும் மருந்து உண்டு.

நாற்றம்: புற்றுநோய்ப் புண்ணில் துர்நாற்றம் வரும். அம்மாச்சியை அதிகம் வதைத்தது வலி கூட இல்லை, இதுதான். யாரும் பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதற்கு மருந்து உண்டு என்றே எங்களுக்குத் தெரியாது. செவிலியர் புண்ணைச் சுத்தம் செய்து, மருத்துவர் சொன்ன மருந்தை வைத்துக் கட்டத் தொடங்கிய சில நாட்களில் நாற்றம் வெகுவாகக் குறைந்தது. அதன் பிறகு என் தங்கச்சி மகள் அவர் மடியில் போய் உட்கார்ந்தாள். ஆகவே நாற்றத்தைச் சகித்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். கேளுங்கள்.

அவரிடமும் கேளுங்கள்

நம் வீடுகளில் நோயாளியைத் தவிர எல்லாருக்கும் நோய் தெரிந்திருக்கும். "சொன்னா தாங்க மாட்டாங்க" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். நாங்களும் அம்மாச்சியிடம் "வாய்ப்புண்ணு" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். ஒருநாள் மருந்து கட்டி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏத்தா, இது வெறும் புண்ணு இல்லைங்கிறது எனக்கும் தெரியும். நீங்கள்லாம் பயந்துருவீகன்னுதான் நான் கேக்கல" என்றார். நாங்கள் அவருக்காக மறைத்தோம். அவர் எங்களுக்காக மறைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டும் என்பதில்லை. அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். இப்படித் தொடங்கலாம்:

• "உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?"

• "எதை நினைச்சா கவலையா இருக்கு?"

• "உடம்பு இன்னும் முடியாமப் போனா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, வீட்டிலேயே இருக்கணுமா?"

• "யாரையாவது பார்க்கணுமா? ஏதாவது முடிக்க வேண்டியது இருக்கா?"

கேட்டபோது அம்மாச்சி மூன்றே விஷயம் சொன்னார். திரும்ப ஆஸ்பத்திரி வேண்டாம். கட்டிலைத் திண்ணைக்கு மாற்ற வேண்டும், அங்கிருந்தால் ரோட்டில் போகும் பஸ்ஸும் ஆளும் தெரியும். இருபது வருடமாகப் பேசாத தம்பிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மூன்றுமே பணம் செலவாகாதவை. கேட்காமல் இருந்திருந்தால் மூன்றுமே நடந்திருக்காது.

கடைசி நாட்கள்: பயப்படாமல் புரிந்துகொள்வோம்

மரணம் நெருங்கும்போது உடம்பில் சில மாற்றங்கள் வரும். முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். தூக்கம் கூடும். பேச்சு குறையும். கை கால் சில்லென்று ஆகும். சிறுநீர் குறையும். மூச்சு சில நொடி நின்று மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும். அவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் குறையலாம்.

சாப்பாடுதான் பெரிய மனப்போராட்டம். "ரெண்டு வாய் கஞ்சியாச்சும் குடிக்கட்டும்" என்று வற்புறுத்துவோம். அந்த நேரத்தில் உடம்புக்கு உணவு தேவைப்படுவதில்லை. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை. இறப்பு நெருங்குவதால் சாப்பிட முடியவில்லை. கட்டாயப்படுத்தி ஏற்றும் குளுக்கோஸ் கை காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேர்ந்து தொல்லை தரலாம்.

இன்னொன்று, பால் ஊற்றுவது. சொந்தபந்தம் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றுவது நம் ஊர்களில் வழக்கம். அதன் பின்னால் இருப்பது அன்புதான். ஆனால் விழுங்க முடியாதவருக்கு ஊற்றும் பால் மூச்சுக் குழாயில் இறங்கித் திணற வைக்கும். எங்கள் வீட்டில் செவிலியர் சொன்ன வழி இது: சுத்தமான பஞ்சை அல்லது துணியைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டில் ஒற்றி எடுங்கள். முறையும் நிறைவேறும், மூச்சும் திணறாது.

கண் மூடியிருந்தாலும் காது கேட்கக்கூடும். அதனால் பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொத்து, செலவு, காரியம் பற்றிய பேச்சை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிலர் வீட்டில் இருக்க விரும்புவார்கள். சிலர் மருத்துவமனையில் எல்லா சிகிச்சையும் வேண்டும் என்பார்கள். இரண்டுமே அவரவர் உரிமை. குணமாக வாய்ப்பே இல்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் நம் நாட்டில் உரிமை உண்டு.

இதன் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. மும்பையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973-ல் நடந்த கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, 2015-ல் இறக்கும் வரை 42 ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். அவர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 7.3.2011 அன்று தீர்ப்பு வழங்கியது. அவருக்கான உணவை நிறுத்த அனுமதி தரவில்லை. அவரைக் காத்துவந்த செவிலியர்களின் பராமரிப்பை மனமாரப் பாராட்டியது. அதேநேரம், மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையைக் கடுமையான நிபந்தனைகளுடன் விலக்கலாம் என்ற கதவையும் திறந்தது. பிறகு 9.3.2018 அன்று 'காமன் காஸ்' வழக்கில், கண்ணியத்துடன் இறப்பதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அறிவித்தது. அதன் நடைமுறைகளை 24.1.2023 அன்று எளிமையாக்கியது.

செய்திகளில் 'லிவிங் வில்' என்று வரும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை எழுதுவது எப்படி?

• 18 வயது நிரம்பிய, தெளிவான மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது.

• எந்த நிலையில், எந்த சிகிச்சை வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

• உங்களால் பேச முடியாதபோது உங்கள் சார்பில் முடிவெடுக்கும் உறவினர் அல்லது பாதுகாவலர்களின் பெயர்களைக் குறிப்பிட வேண்டும்.

• இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் பெற வேண்டும். 2018 தீர்ப்பின்படி நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. இப்போது அது தேவையில்லை.

• ஒரு நகலைக் குடும்பத்தாரிடமும், குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும் கொடுங்கள். உள்ளாட்சி அமைப்பின் உரிய அலுவலரிடமும் ஒரு நகல் தர வேண்டும்.

• எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

எழுதி வைத்துவிட்டால் உடனே கருவியை எடுத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது இரண்டு நிபுணர்களும் அடங்கிய முதல் நிலைக் குழு ஆராய வேண்டும். பிறகு வேறு மருத்துவர்கள் கொண்ட இரண்டாம் நிலைக் குழு ஆராய வேண்டும். குழுக்கள் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். முடிவைச் செயல்படுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். எதுவும் எழுதி வைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்துடன் இதே போன்ற நடைமுறை உண்டு. கருவிகள் விலக்கப்பட்டாலும் வலி நிவாரணமும் பராமரிப்பும் நிற்கவே கூடாது.

ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பயனில்லாத சிகிச்சையை விலக்கி, நோயை அதன் போக்கில் விடுவது வேறு. ஊசி போட்டோ வேறு வழியிலோ உயிரைப் பறிப்பது வேறு. இரண்டாவது இந்தியாவில் குற்றம். தென்மாவட்டங்களின் சில பகுதிகளில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து இறப்பை வரவழைக்கும் வழக்கம் இருந்ததாகச் செய்திகள் வந்துள்ளன. அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது கொலைதான். ஆனால் குடும்பங்கள் அந்த எல்லைக்குப் போவதன் பின்னால் வறுமையும், தனியாகப் பார்த்துக்கொள்ளும் களைப்பும் இருக்கின்றன. அதனால்தான் உதவியைச் சீக்கிரம் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும். வீட்டில் ஒரே ஒரு பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் கட்டாமல் முறை போட்டுப் பாருங்கள். மனசு கனத்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567.

உங்கள் கையில் இருக்கும் போன்

போன் பெரிய உதவி. அதே போன்தான் சில நேரம் நோயாளியின் மானத்தையும் வாங்கிவிடுகிறது. படுத்த படுக்கையில், பாதி உடையில், குழாயோடு இருப்பவரைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது இன்று சகஜமாகிவிட்டது. அது எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு நினைவு இருந்தால் சம்மதிப்பாரா என்று ஒரு நொடி யோசியுங்கள். புண்ணைப் படம் எடுக்க வேண்டியிருந்தால் அவரிடம் கேட்டு, அந்த இடத்தை மட்டும் எடுத்து, செவிலியருக்கு மட்டும் அனுப்பி, பிறகு அழித்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோ காலில் பேச வையுங்கள். அவர் விரும்பினால் அவர் குரலைப் பதிவு செய்து வையுங்கள். பிறகு அது கிடைக்காது.

இறந்த பிறகு

வீட்டில் இறப்பு நேர்ந்தால் மருத்துவரை வரவழைத்து உறுதி செய்து, இறப்புக் காரணச் சான்று பெறுங்கள். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரையும், நகரத்தில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தையும் அணுகலாம். வாரிசுச் சான்று, வங்கி, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலைக் கொண்டு செல்ல இலவச அமரர் ஊர்தி உண்டு; எண் 155377.

டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டிய 5 கேள்விகள்

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. வலி வந்தால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒருமுறை? அதற்கும் அடங்காவிட்டால் அடுத்து என்ன?

2. எங்கள் பகுதி நோய் ஆதரவு சிகிச்சை செவிலியருக்கு யார் தகவல் சொல்வார்கள்?

3. இனி என்னென்ன மாற்றங்கள் வரும்? எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

4. எந்த நிலையில் திரும்ப அழைத்து வர வேண்டும்? எந்த நிலையில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்?

5. ராத்திரியில் சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது?

அம்மாச்சி திண்ணைக் கட்டிலில்தான் இறந்தார். காலை நேரம். தம்பி தாத்தா முந்தின நாளே வந்துவிட்டார். வலி எத்தனை என்று கேட்டதற்கு முதல் நாள் மாலை அவர் சொன்ன பதில் "நாலணா". அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மேலே உள்ள ஐந்து கேள்விகளில் ஒன்றைக் கூட நாங்கள் டிஸ்சார்ஜ் அன்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.